கதவுக்கு வெளியே விட்ட மூச்சு

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. சொன்னவரே இதனால் பலன் அடைந்தவர். சந்தேகப்பட எனக்கு அது போதும்.

அவர் பெயர் சிவனணைந்தான், தென்காசிப் பக்கம் வேலப்ப அடிகளின் ஆசிரமத்தில் சம்பளத்துக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர். சேரும்போதே முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். விலகினால் ஐந்து வருடம் வேறெங்கும் கற்றுக்கொடுக்கக் கூடாது.

அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். விலகித் தனியாக நடத்த ஊரில் ஒரு கூடமும் பார்த்து வைத்திருந்தார்.

வக்கீலைக் கேட்டார். வேலையில் இருக்கும்வரை அந்தத் தாள் கட்டுப்படுத்தும், விலகிய பிறகு கோர்ட்டில் பெரும்பாலும் நிற்காது என்றார் வக்கீல். ஆசிரமத்து ரகசியம் எதையும் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள், அது வேறு வழக்கு என்றும் சொன்னார்.

பயம் போகவில்லை. முன்பு விலகிய ஒருவருக்கு அடிகள் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். அந்த ஆள் இப்போது செல்போன் கடையில் நிற்கிறார்.

கடைசியில் அடிகளிடமே போய்க் கேட்டார்.

"சாமி, நான் போன பிறகும் அந்தத் தாள் என்னைக் கட்டுமா?"

"மூச்சை அடக்கு."

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அடிகள் விரலைச் சொடுக்கும்வரை யாரும் மூச்சை விடக் கூடாது.

சிவனணைந்தான் அடக்கினார்.

அடிகள் அவரைத் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் ரோட்டில் நிறுத்தினார். தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சொடுக்கு வரவில்லை.

ஒரு பஸ் போனது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூச்சு தானாகவே வெளியே பாய்ந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் அடிகளின் குரல்.

"யாரைக் கேட்டு விட்டே?"

சிவனணைந்தான் திரும்பிப் பார்க்காமல் ஊருக்குப் போய்க் கூடத்தைத் திறந்தார். அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இந்தக் கதையை அவர் சொல்லும்போதெல்லாம் கூடம் கண் கலங்கும். எனக்கு மட்டும் உறுத்தும். முன்பு விலகியவருக்கு நோட்டீஸ் அனுப்பிய அடிகள் இவரை ஏன் விட்டார்? கதவைச் சாத்தியது அருளா, கோபமா? அடிகளும் இப்போது இல்லை.

போன மாதம் சிவனணைந்தான் தன் கூடத்தில் என்னையே பாடம் எடுக்கக் கூப்பிட்டார். சம்பளம் பேசினோம். பிறகு ஒரு முத்திரைத்தாளை என் பக்கம் தள்ளினார். எல்லாரும் போடுவதுதான், சும்மா ஒரு கையெழுத்து என்றார்.

படித்தேன். ஐந்து வருடம்.

பேனாவை மூடினேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க கதவுக்கு எந்தப் பக்கம் நின்னீங்க?"