ஊறும் வில்லை

“இதையும் உலையில வெச்சிருங்க அம்மிணி. வெடிச்சா வெடிக்கட்டும். நான் போறனுங்க.”

வெள்ளியங்கிரி ஈரம் சொட்டும் வில்லையை ருக்குமணியிடம் நீட்டினார். பன்னிரண்டாவது வில்லை. முந்தைய பதினொன்றும் உலையில் பிளந்துவிட்டன. இதுவும் பிளந்தால் திங்கள்கிழமை முதல் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இருபத்தாறு வருடம் லேத் ஓட்டிய மனிதர். லேத் பிரிவை மூடியதும் இந்த வேலைக்கு வந்தார். ஐம்பத்திரண்டு வயதில் இனி யார் வேலை தருவார்கள்? பட்ட காலிலேதான் படும்.

வேலை என்னவோ சுலபம்தான். எவர்சில்வர் பொடியில் யூரியா மணிகளைக் கலந்து, அழுத்தி வில்லையாக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் யூரியா கரைந்துபோகும். அது இருந்த இடமெல்லாம் ஓட்டையாகும். பிறகு உலையில் சுட்டால் பொடி ஒட்டிக்கொள்ளும். அதுதான் வடிகட்டி.

சொல்லிக்கொடுத்தவள் ருக்குமணி. அவரைவிடப் பத்து வயது சின்னவள். ஆறுதல் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

யூரியா எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டாள். முப்பது கிராம் என்றார். ஊறியதில் எவ்வளவு போனது என்று கேட்டாள்.

அவர் எடை போட்டுப் பார்த்ததே இல்லை. ஒரு நாள் ஊறினாலே ஓரம் புட்டு மாதிரி உதிரும். பயந்துபோய் எடுத்துவிடுவார். பன்னிரண்டு தடவையும் அப்படித்தான்.

“மிச்சம் உள்ளயே இருக்குமேண்ணா?”

“இருக்கட்டும்னுதான். ஒரு பிடிமானம்.”

“சூட்டுல அது புகையாகி, வெளிய வர வழியில்லாமத்தான் பொளக்குது.”

வெள்ளியங்கிரி கையிலிருந்த வில்லையைப் பார்த்தார்.

“எல்லாம் போயிட்டா அதுல என்னங்க இருக்கும்? எங்கிட்ட இருந்தும்தான் ஒவ்வொன்னாப் போகுது. எனக்குன்னு என்ன மிஞ்சுச்சு?”

ருக்குமணி அலமாரியிலிருந்து சுட்டு முடித்த வில்லை ஒன்றை எடுத்து அவர் வாயருகே பிடித்தாள். அவர் கையை இழுத்து அதற்கு மறுபக்கம் வைத்தாள்.

“ஊதுங்க.”

எவர்சில்வரில் என்னத்தை ஊதுவது? வேண்டாவெறுப்பாக ஊதினார்.

உள்ளங்கையில் சுடச்சுட மூச்சு பட்டது.

மறுபடி ஊதினார். மறுபடியும் பட்டது. வெகுநேரம் ஊதிக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

உலை தயார், வில்லையைக் கொடுங்கள் என்று ருக்குமணி திரும்பியபோது, வெள்ளியங்கிரி அங்கே இல்லை. தொட்டியருகே குனிந்து, தன் வில்லையை மறுபடி தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.