அழுங்கு ஏன் சுருண்டது?

ஒரு காட்டில் உறுமன் என்றொரு காட்டுப்பன்றி இருந்தது. அதற்கு உடம்பு பெரிது, தொண்டை அதைவிடப் பெரிது.

அந்தக் காட்டில் இடத் தகராறு வந்தால் யாரும் கடித்துக் குதறிக்கொள்வதில்லை. இலுப்பை மரத்தடியில் கொட்டாங்கச்சி ஆட்டம் ஆடித் தீர்த்துக்கொள்வார்கள். ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கியிருக்கும். அவற்றைக் கொட்டாங்கச்சியில் போட்டுக் குலுக்கித் தரையில் கவிழ்க்க வேண்டும். எத்தனை வெள்ளை விழுந்திருக்கிறது என்று அவரவர் கொட்டாங்கச்சியை அவரவர் மட்டும் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு பந்தயம் ஏறும். எதிராளி பதில் சொல்லும்வரை ஏற்றிக்கொண்டே போகலாம். பயந்தவர் "எழுந்தேன்" என்று சொல்லி, முதலில் வைத்ததை மட்டும் இழந்துவிட்டுப் போகலாம். துணிந்தவர் தன் வீட்டையே ஈடாக வைத்து "திற!" என்று சொல்லலாம். எவ்வளவு பெரிய பந்தயத்துக்கும் வீடு ஈடாகும். வெள்ளை அதிகம் வைத்திருப்பவருக்கு எல்லாம் சேரும். இரண்டு பேருக்கும் சமமென்றால் பந்தயத்தை ஏற்றியவருக்கே வெற்றி. யார் ஆட்டத்துக்கு அழைத்தாலும் மறுக்கக் கூடாது.

உறுமனுக்கு இந்தச் சட்டங்களெல்லாம் வெல்லக்கட்டியாக இனித்தன.

முதலில் அது முயலை அழைத்தது. முயல் தன் புல்சரிவை வைத்துக் குலுக்கியது. எட்டிப் பார்த்தால் நான்கு வெள்ளை!

"என் கிழங்குக்காடு மொத்தத்தையும் வைக்கிறேன்!" என்று உறுமன் கத்தியது. "தைரியம் இருந்தா திறடா! பொண்டாட்டி பிள்ளையோட தெருவுல நிக்கப்போறே!"

முயலின் காது இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டன. "எ... எழுந்தேன்!" என்று சொல்லிவிட்டு ஓடியே போனது.

உறுமன் தன் கொட்டாங்கச்சியை மூக்கால் புரட்டிப் போட்டது. ஐந்தும் கறுப்பு! காடு அதிரச் சிரித்தது.

அடுத்தது நீர்க்கோழி. குளத்தோரக் கோரைப் புதர்தான் அதன் ஒரே சொத்து. அதில்தான் முட்டை இட்டிருந்தது. உறுமன் ஒரு கத்துக் கத்தியதும் அதுவும் எழுந்துவிட்டது. அன்றிலிருந்து ஏழு முட்டைகளை வெட்டவெளிப் பாறையில் வைத்து, வெயிலுக்குச் சிறகை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பாவம்.

முள்ளம்பன்றியிடம் மட்டும் உறுமனின் பாச்சா பலிக்கவில்லை. முள்ளம்பன்றி உட்காரும்போதே முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, "என் வீட்டையே வைக்கிறேன்! வர்றியா?" என்று முந்திக்கொண்டது. உறுமன் கொட்டாவி விட்டது. "எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லி, ஒரு சேற்றுக்குழியைக் கொடுத்துவிட்டு எழுந்து போனது.

இத்தனையையும் ஓர் அழுங்கு பார்த்துக்கொண்டிருந்தது. அழுங்கு என்றால் உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில் உள்ள பிராணி. கறையான்தான் அதன் சாப்பாடு. யாராவது 'ஊ' என்றால் போதும், பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். காட்டில் அதைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாத வாய் இல்லை.

ஒருநாள் உறுமன் அதன் வளைக்கு முன்னால் வந்து நின்றது.

"டேய் சுருட்டை! நாளைக்குக் காலையில ஆட்டத்துக்கு வா! உன் கறையான் புற்றை எடுத்து வச்சுக்கோ!"

அழுங்கின் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன் வால்மேல் சின்னக் குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டு சவாரி செய்துகொண்டிருந்தது.

"ஏங்க, அந்தப் புற்று போனா பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கறது? நீங்களும் முள்ளம்பன்றி மாதிரி முந்திக்கிட்டுக் கத்திடுங்க. அது பயந்து எழுந்திடும்."

"எழுந்திடும். புற்று மிஞ்சும். ஒரு சேற்றுக்குழியும் கிடைக்கும்" என்றது அழுங்கு. "அப்புறம்? அடுத்த மாசம் திரும்ப வரும். நீர்க்கோழி அந்தப் பாறையிலேயே வெந்துக்கிட்டுக் கிடக்கும். நான் கத்தினா உறுமன் எழுந்து போயிடும். அது போகக் கூடாது. அது இன்னும் இன்னும் கத்தணும்."

"கத்தினா நீங்க சுருண்டுக்குவீங்களே!"

"ஆமா" என்றது அழுங்கு. "அதுதான் எல்லாருக்கும் தெரியுமே!"

மறுநாள் காலை இலுப்பை மரத்தடியில் ஒரே கூட்டம். அழுங்கு தன் புற்றுக்கு அடையாளமாக அதிலிருந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து நடுவில் வைத்தது. உறுமன் கிழங்குக்காட்டின் ஒரு மூலைக்காக ஒரு கிழங்கை வைத்தது. இரண்டும் குலுக்கிக் கவிழ்த்தன.

அழுங்கு மெல்லத் தூக்கிப் பார்த்தது. மூன்று வெள்ளை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, ரெண்டுங்கெட்டான் மூன்று.

அது உறுமனைப் பார்த்தது. உறுமன் தன் கொட்டாங்கச்சியைத் தூக்கவில்லை. முன்காலை அதன்மேல் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து மார் தட்டிக்கொண்டிருந்தது. கத்தியே ஜெயித்துப் பழகியதில், தன்னிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதையே அது மறந்துபோயிருந்தது.

"அண்ணே..." என்று அழுங்கு இழுத்தது. "விட்டுடுங்களேன்." சொல்லிக்கொண்டே தலையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டது.

உறுமனுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. "முயலோட புல்சரிவையும் வைக்கிறேன்! எழுந்திருடா!"

அழுங்கு எழுந்திருக்கவில்லை. வாலைச் சுருட்டிக்கொண்டது.

"கோரைப் புதரையும் வைக்கிறேன்!"

அழுங்கு நான்கு காலையும் மடக்கிக்கொண்டது.

"கிழங்குக்காடு மொத்தமும்! என் சேற்றுக்குழி மொத்தமும்! நான் படுக்கிற புதரும்! எல்லாத்தையும் வைக்கிறேன்! போதுமா?"

அழுங்கு முழுப்பந்தாகச் சுருண்டுவிட்டது. செதில்கள் கடகடவென்று ஆடின.

"எழுந்தேன்னு சொல்லக்கூட வாய் வரலை பாருங்க!" என்று உறுமன் சிரித்தது. முயல் கண்ணைப் பொத்திக்கொண்டது.

அப்போது பந்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"திற."

"என்ன?"

"என் வீட்டை வைக்கிறேன், அண்ணே. திறங்க."

உறுமனின் வாய் திறந்தபடியே நின்றது. அது முதல்முறையாகக் குனிந்து தன் கொட்டாங்கச்சியைப் பார்த்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

"தம்பி, யோசிச்சுக்கோ! பச்சைப்பிள்ளை வச்சிருக்கே..."

"யோசிச்சுட்டேன், அண்ணே."

"அவசரப்படாதே! நாளைக்குத் திறப்போம்!"

"இப்போ திற!" என்று முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தது.

அழுங்கு ஒரு காலை நீட்டித் தன் கொட்டாங்கச்சியைப் புரட்டிக் காட்டியது, மூன்று வெள்ளை. உறுமனும் தன்னுடையதைத் தூக்கியது. கூட்டம் சேர்ந்து எண்ணியது. "வெள்ளை! கறுப்பு! வெள்ளை! கறுப்பு!"

ஐந்தாவதைக் காணோம்!

அது கொட்டாங்கச்சியின் உள் நாரில் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் வெள்ளையாக விழுந்தால் மூன்றுக்கு மூன்று. சமம் என்றால் எல்லாம் உறுமனுக்கு. அழுங்கின் மனைவி குட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டது.

உறுமன் கொட்டாங்கச்சியை ஓர் உலுக்கு உலுக்கியது. கொட்டை விழுந்தது. உருண்டது. நின்றது.

"கறுப்பு!" என்று நீர்க்கோழி அலறியது. அலறியதோடு சரி, முட்டைகளை ஒவ்வொன்றாகக் கோரைக்கு உருட்டிக்கொண்டு போகக் கிளம்பிவிட்டது. நன்றி சொல்ல அதற்கு நேரமில்லை. அழுங்கும் அதை எதிர்பார்க்கவில்லை.

அழுங்கு திருப்பிக் கொடுத்த புல்சரிவில் முயல் நான்கு குட்டிக்கரணம் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது. "மாமா, உறுமனுக்கு ரெண்டுதான் விழுந்திருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதுப்பா. அதுக்கே தெரியாதுங்கறது மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றது அழுங்கு.

உறுமன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. மீசையில் மண் ஒட்டாத குரலில், "நான் விளையாட்டுக்குத்தான் விட்டுக்கொடுத்தேன்" என்றது. அழுங்கு, உறுமன் படுக்கும் புதரையும் ஒரு சேற்றுக்குழியையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. பன்றிக்கும் படுக்க ஓர் இடம் வேண்டுமே!

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி கேட்டது. "ஏங்க, நீங்க சுருண்டது நடிப்புதானே?"

"முதல்ல நடிப்புதான்" என்றது அழுங்கு. "உறுமன் தான் படுக்கிற புதரையும் வச்சதும் நிஜமாவே பயந்துட்டேன். உள்ளே இருந்ததால யாருக்கும் தெரியலை."

அடங்கியிருப்பவனைப் பயந்தவன் என்று எண்ணி மேலும் மேலும் மிரட்டுகிறவன், யாரும் கேட்காமலே தன் கையிலிருப்பதையெல்லாம் தானே தூக்கிக் கொடுத்துவிடுவான்.