குஞ்சுகளின் கண்ணுக்கு ஒரு சிவப்புத் திரை

முன்னொரு காலத்திலே ஒரு ராஜாவுக்குக் கோழிக்குஞ்சுகள் மேல் ஆசை வந்தது. பக்கத்து நாட்டு அரசர் தங்கக் கூண்டோடு பரிசாக அனுப்பிய வெள்ளைக் குஞ்சுகளை, வெயில் கொட்டும் கூடத்தில் வைத்து நாள் முழுக்க ரசித்துக்கொண்டிருந்தார்.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்ததும் வினையும் முளைத்தது. ஒன்று இன்னொன்றின் வாலடியைக் கொத்தியது. இரத்தம் கசிந்ததைக் கண்டு மற்றவையும் ஓடிவந்து அதே இடத்தில் கொத்தின. அந்தக் குஞ்சு செத்தே போனது. ராஜாவுக்கு இரத்தம் என்றாலே ஆகாது. தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். குஞ்சுகளைப் பார்த்துக்கொண்ட மாயக்காளைச் சிறையில் தள்ளச் சொன்னார்.

விகடகவி பிச்சாண்டிக்கு மனம் கேட்கவில்லை. "மகாராஜா, அவள் மேல் குற்றமில்லை. இதைச் சரிசெய்துவிடலாம்" என்றான்.

பிச்சாண்டி ராஜாவைச் சிரிக்க வைக்கும் போதெல்லாம் வயிறு எரிபவர் அமைச்சர் விழுப்பரையர். அவர் சட்டென்று முன்னால் வந்தார்.

"அப்படியானால் பிச்சாண்டியிடமே இந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம், பிரபு. ஆனால் பரிசாக வந்தவற்றைப் பிரிப்பது அபசகுனம். கூண்டைவிட்டு எடுப்பதோ பரிசளித்தவருக்கு அவமானம்."

ராஜா தலையாட்டினார். "பிரிக்கவும் கூடாது, கூண்டைவிட்டு எடுக்கவும் கூடாது. மாயக்காளின் தண்டனை பௌர்ணமி வரை நிற்கட்டும். அன்று வருவேன். அங்கே இரத்தம் கண்ணில் படக் கூடாது. பட்டால், பிச்சாண்டி, மாயக்காளோடு நீயும் சிறைக்குப் போவாய்."

மாயக்காள் கூடத்தில் அழுதுகொண்டு நின்றாள். "எனக்காக வாய விட்டு நீங்களும் மாட்டிக்கிட்டீங்களே, சாமி."

"விட்டாச்சு, தாயி. வேப்பெண்ணெய் இருந்தா கொண்டா" என்றான் பிச்சாண்டி.

எண்ணெயைக் காயங்களில் தடவிவிட்டுக் கூண்டின் பக்கத்திலேயே உட்கார்ந்தான். குஞ்சுகளுக்குத் திரும்ப இடமில்லை. வெயில் சுட்டது. கொத்த வேறு எதுவும் இல்லை. எங்கே சிவப்புத் தெரிந்ததோ அங்கே அலகு போயிற்று. ராஜாவின் உத்தரவை மெல்லச் சொல்லிப் பார்த்தான். இரத்தம் கண்ணில் படக் கூடாது. யார் கண்ணில் என்று அவர் சொல்லவில்லையே.

பௌர்ணமியன்று ராஜா பரிவாரத்தோடு கூடத்துக்குள் நுழைந்தார். எல்லாச் சாளரங்களிலும் செம்பட்டுத் திரை. ராஜாவின் தாடி சிவப்பு, விழுப்பரையரின் தலைப்பாகை சிவப்பு, குஞ்சுகளும் சிவப்பு. தங்கக் கூண்டின் வாசலோடு சேர்த்துப் பெரிய மூங்கில் கூண்டு ஒன்று கட்டியிருந்தது. உள்ளே தொங்கிய கீரைக்கட்டுகளைக் குஞ்சுகள் இழுத்துக்கொண்டிருந்தன.

"மோசடி, பிரபு. இந்த வெளிச்சத்தில் இரத்தம் எப்படித் தெரியும்?" என்றார் விழுப்பரையர்.

"தெரியக் கூடாது என்பதுதானே உத்தரவு, ஐயா" என்றான் பிச்சாண்டி.

ராஜாவின் முகம் இறுகியது. "என் கண்ணையா மறைக்கிறாய்?"

"தங்கள் கண்ணை அல்ல, மகாராஜா. குஞ்சுகளின் கண்ணை. இரத்தம் தெரியாவிட்டால் அவை கொத்துவதில்லை."

விழுப்பரையர் விறுவிறுவென்று போய்த் திரையை இழுத்துக் கிழித்தார். வெயில் உள்ளே பாய்ந்தது. பிச்சாண்டி கூண்டை எட்டிப் பார்த்தான். ஒரு புண் ஆறாமல் இருந்தாலும் போச்சு.

ஒன்றிலும் இரத்தமில்லை. காயமெல்லாம் காய்ந்து, மேலே புது இறகு அரும்பியிருந்தது. ஒரு குஞ்சு உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு மறுபடி கீரைக்குப் போயிற்று. மாயக்காள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிச்சாண்டி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"கூண்டு பெரிதாகிவிட்டதே?" என்றார் ராஜா.

"வெளியே எடுக்கக் கூடாது என்றீர்கள். கூண்டு வளரக் கூடாது என்று சொல்லவில்லை."

"அது சரி, தங்கக் கூண்டிலே இவற்றுக்கு என்ன சண்டை?"

"நெருக்கி உட்கார வைத்தோம், மகாராஜா. மூன்று வேளையும் தீனி, செய்வதற்கு வேலை இல்லை. ஒருவனுக்குக் காயம் பட்டால் எல்லார் கண்ணும் அங்கேதானே போகும்?"

ராஜா மெல்லத் திரும்பித் தன் பின்னால் நெருக்கியடித்து நின்ற மந்திரி பிரதானிகளைப் பார்த்தார். கிழிந்த திரையோடு நின்ற விழுப்பரையரையும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மாயக்காளின் தண்டனை ரத்தாயிற்று. ராஜா தன் கைக்கடகத்தைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார். விழுப்பரையருக்கும் ஒரு பொறுப்புக் கிடைத்தது. எல்லைப்புறத்து ஏரிக்கரையை நின்று கட்டி முடிக்க வேண்டும்.

"நல்ல விசாலமான இடம், அமைச்சரே" என்றார் ராஜா.