வாசலில் கிடந்த பலகை

கோயமுத்தூர் கார் பட்டறை ஒன்றில் ரப்பர் ஒட்டுகிறவள் தெய்வானை. அடைமழை பெய்த ஐப்பசியில், மில் முதலாளி ரங்கபாஷ்யம் தன் அப்பா காலத்துக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கதவுக்குக் கீழே காலை வைத்து ஏறுகிற ஃபுட்போர்டு இரண்டில், வலது பக்கத்து ரப்பர் நன்றாக இருந்தது. இடது பக்கத்து ரப்பர் கிழிந்து தொங்கியது.

“எது பழசு, எது புதுசுன்னு என் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா இந்தம்மாவுக்கு இங்கே வேலை இல்லை” என்றார். பட்டறைக்காரரும் தலையாட்டிவிட்டார். பெரிய இடத்து வண்டியாயிற்றே! தெய்வானை வீட்டில் நாலு பேர் சாப்பிடுவது இந்த வேலையில்தான்.

முதலாளி தினமும் வாசல் சேற்றில் கிடந்த பலகையை மிதித்து உள்ளே வந்து, “இன்னுமா ஆகலை?” என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். “ஆயிட்டிருக்குதுங்க” என்பதோடு அவள் நிறுத்திக்கொண்டாள்.

பதினோராம் நாள் இரண்டையும் காரில் மாட்டியிருந்தாள். முதலாளி குனிந்து பார்த்து, வலது பக்கத்தைத் தட்டினார்.

“இதுதான் புதுசு. பளபளப்பே காட்டிக்கொடுக்குதே! கிளம்பும்மா.”

“அது உங்கப்பா மிதிச்சதுங்க. விளக்கெண்ணெய் போட்டுத் துடைச்சேன், அவ்வளவுதானுங்க.”

“அப்போ தேய்ஞ்சு கிடக்கிற இது?”

“அதுதானுங்க புதுசு. வாசல் சேத்துல கால் படாம இருக்க ஒரு பலகை போட்டிருந்தேனுங்களே, அது புது ரப்பர் ஒட்டின இதே ஃபுட்போர்டுதானுங்க. பத்து நாளா நீங்கதான் மிதிச்சு மிதிச்சுப் பழசாக்கிக் கொடுத்தீங்க.”

பட்டறையே சிரித்தது. முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அப்பா மிதித்த வலது பக்கமாக வண்டியில் ஏறும்போது மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.