கரடி நசுக்கிய மெழுகு மணிகள்

குளத்தங்கரைப் புதரில் செவந்தி என்ற சருகுமானும் மொக்கையன் என்ற கரடியும் கூடி வாழ்ந்தார்கள். செவந்தி முயல் அளவுதான் இருப்பாள். மொக்கையனோ ஆள் உயரம். ஆனாலும் ஒருவரைப் பார்க்காவிட்டால் மற்றவருக்குச் சோறு இறங்காது.

அந்தக் கோடையில் காடு பற்றி எரிந்தது. புகை குடித்த செவந்திக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. மூச்சுக்குத் தவித்தாள். காட்டு நெல்லிச் சாறு குடித்தால் சற்றுத் தணியும். கொஞ்ச நேரத்தில் மறுபடி இழுக்கும்.

மொக்கையனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நெல்லி மரத்தை உலுக்கி, சுரைக்குடுக்கை நிறையச் சாறு பிழிந்து வந்தான்.

"குடி தாயி, இன்னும் குடி!" என்று வாயில் ஊற்றினான்.

பாவம், அவள் அத்தனையையும் கக்கிவிட்டாள். மிச்சச் சாறு காற்றுப் பட்டுக் கறுத்து வீணானது.

மரப்பொந்திலிருந்து குன்றி என்ற கொசுத்தேனீ எட்டிப் பார்த்தாள்.

"சாறு வெளியே இருந்தால் கெடுகிறது. உள்ளே போனால் தங்காமல் ஓடிவிடுகிறது. துளித்துளியாக மெழுகில் பொதிந்து விழுங்கினால், வயிற்றில் மெல்லக் கரையும்" என்றாள்.

"பொதிந்து கொடேன், உனக்குப் புண்ணியமாகப் போகும்."

"எங்கள் கூட்டைப் பிய்த்துத் தின்றவன்தானே நீ? உனக்கா?"

"எனக்கு வேண்டாம். செவந்திக்கு" என்று மொக்கையன் அழுதேவிட்டான்.

குன்றிக்கு மனசு இளகியது. தன் கூட்டத்தை அழைத்தாள். மொக்கையன் நெல்லியைப் பிளக்கப் பிளக்க, கசிந்த சாற்றைத் தேனீக்கள் உடனே மெழுகால் மூடின. கடைசியில் சேர்ந்தது ஒரு பிடிதான். எல்லாம் கடுகைவிடச் சின்ன மணிகள்.

"இது எந்த மூலைக்குக் காணும்?" என்று மொக்கையன் முனகினான். உடைத்துக் கொடுத்தால் சீக்கிரம் குணமாகுமே என்று நினைத்தான், அந்த அவசரக்காரன். தேனீக்கள் அகன்றதும் மணிகளை நசுக்கி நக்கக் கொடுத்தான். செவந்தி கொஞ்சம் தெளிந்தாள். பிறகு மறுபடி மூச்சு இழுத்து, அவள் கண்கள் செருகிவிட்டன.

மொக்கையன் பொந்துக்கு ஓடினான். "அத்தனையும் நசுக்கிவிட்டேன். என்னைக் கொட்டுங்கள்."

"எங்களுக்குக் கொடுக்கே கிடையாது, மடையா. போய் நெல்லி பறித்து வா" என்றாள் குன்றி.

மறுபடி மணிகள் தயாராயின. இந்த முறை செவந்தி அவற்றை முழுதாக விழுங்கினாள். ஒவ்வொன்றாக அவை கரையக் கரைய, மூச்சு சீரானது. இழுப்பு திரும்ப வரவில்லை.

இன்னொரு பிடி கொடுத்துவிடலாமா என்று மொக்கையனுக்குக் கை துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் கீழே வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

செவந்தி கண் விழித்துப் பார்த்துச் சிரித்தாள். "கையை எடுடா, மரத்துப்போகும்."

"மாட்டேன் போ. நீ தூங்கு."

மருந்தானாலும் அன்பானாலும், அள்ளிக் கொட்டுவதைவிடச் சிறுகச் சிறுகச் சேர்ப்பதே உயிரைக் காக்கும்.