ஒன்பது மணிக்கு மாற்றிய ஸ்டோரேஜ்

மருத்துவமனையின் பதிவுகளெல்லாம் கிளவுடில் இருந்த டேட்டாபேஸில் கிடந்தன. அன்று காலை அது ஆமையாக ஊர்ந்தது. நோயாளிகள் வரிசையில் வாடினார்கள்.

மேலாளர் புருஷோத்தமன் நிர்வாகி மங்கையர்க்கரசியிடம் போனார். "ஒன்பது மணிக்கே டேட்டாபேஸோட ஸ்டோரேஜை வேகமான வகைக்கு மாத்திட்டேன், மேடம். இந்த கான்ட்ராக்ட் ஆள்தான் கை வச்சுக் கெடுத்துட்டான். இவனை வேலையை விட்டு அனுப்புங்க."

அங்கே நின்ற கான்ட்ராக்ட் ஆள் இசக்கியப்பன் நிதானமாகச் சொன்னான்: "அனுப்புங்கம்மா. ஆனா ஸ்டோரேஜை ஒரு தடவை மாத்தினா, ஆறு மணி நேரத்துக்கு கிளவுட் மறுபடி மாத்த விடாது. இப்ப மணி பத்து. உங்க கண்ணு முன்னால மாத்துறேன். திரையில முடியாதுன்னு வந்தா நானே கிளம்பிடுறேன்."

மேலாளர் வேண்டாம் என்பதற்குள் மேடம் தலையசைத்துவிட்டார். அவன் பொத்தானை அழுத்தினான். மாற்றம் தொடங்கிவிட்டதாகத் திரை காட்டியது.

"அப்போ ஒன்பது மணிக்கு நீங்க மாத்தினது எதை, சார்?" என்றார் மேடம்.