ஸ்டவ் விக்கிற ஞானாதிக்கம்

காலை நீட்டிப் படு அமலி. போர்வையை இழுத்துக்கோ. பெரியம்மா சொல்லச் சொல்ல ம் கொட்டணும், ம் நின்னா கதையும் நின்னுரும். சரியா?

மலைக்குக் கீழ ஒரு ஊரு. மாதா கோயில் மணி அடிச்சாத்தான் அந்த ஊர்ல விடியும், மணி அடிச்சாத்தான் பொழுது அடையும். அந்த ஊர்ல ஒருத்தரு இருந்தாரு. பேரு ஞானாதிக்கம். அவரு சம்சாரம் திரேசா. ஒரே மக, செலின். உன்னைவிடக் கொஞ்சம் பெரியவ.

ம்.

ஞானாதிக்கத்துக்கு என்ன வேலைன்னா, டவுன்ல ஒரு முதலாளிகிட்ட பித்தளை ஸ்டவ் வாங்கி ஊரு ஊரா விக்கிறது. பம்பு அடிச்சா புஸ்ஸ்ஸ்ஸுன்னு நீலமா எரியுமே, அந்த ஸ்டவ்வு. காலையில பூசைக்குப் போவாரு, சாமியார் கையால நன்மை அப்பம் வாங்குவாரு, அப்புறம் சாக்கைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிருவாரு. விக்கிறவங்க எப்படிப் பேசுவாங்க? இதை மாதிரி உலகத்துலேயே கிடையாதும்பாங்க. இவரு அப்படிப் பேச மாட்டாரு. அவங்க வீட்டு அடுப்படியிலேயே உக்காந்து, டக்கு டக்குன்னு பம்பு அடிச்சு, பத்த வச்சு, ஒரு டம்ளர் காப்பி போட்டுக் குடுத்துட்டு, "அம்மா, இது எண்ணெய் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும். சத்தமும் போடும். யோசிச்சு வாங்குங்க"ம்பாரு.

முதலாளிக்கு எரிச்சலா வரும். "யோவ், நீ விக்க வந்தியா, விரட்ட வந்தியா?" ஆனா சனங்க, "ஞானாதிக்கம் சொன்னா அது மணி அடிச்ச மாதிரி"ன்னு சொல்லி அவருகிட்டத்தான் வாங்கும்.

ம்.

அந்தத் திரேசாவுக்கு மூச்சு முட்டுற வியாதி. விறகு அடுப்புப் புகை பட்டாப் போதும், லொக்கு லொக்குன்னு இருமி கண்ணெல்லாம் தண்ணி ஊத்தும். அப்போ முதலாளி கம்பெனியில புதுசா ஒரு மாதிரி ஸ்டவ் வந்துச்சு. சின்னதா, அழகா, பளபளன்னு. ஞானாதிக்கம் அதுல மூணை மூணு ஊர்ல வித்தாரு. நாலாவதை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டாரு. மாதா படத்துக்கு முன்னால வச்சு, பிதா சுதன்னு சிலுவை போட்டு, பத்த வச்சாரு. புஸ்ஸ்ஸ்ஸ். திரேசா பால் காய்ச்சுனா. ஒரு இருமல் இல்ல. "ஏங்க, சமையல் பண்ற மாதிரியே இல்லைங்க"ன்னு சிரிச்சா. செலின் கை தட்டுனா. ஞானாதிக்கம் அவ சிரிக்கிறதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

அப்புறம் ஒரு மழைக்காலம். காலையில டவுனுக்குப் போயி, கம்பெனியில ஒரு புது ஸ்டவ்வைச் சோதிச்சுப் பாக்குறாரு. பம்பு அடிக்க அடிக்க, டேங்குக்கு அடியில ஈயம் வச்சு ஒட்டியிருப்பாங்கல்ல, அந்த ஓரத்துல முத்து மாதிரி எண்ணெய் கசியுது. இன்னொண்ணு எடுத்தாரு. அதுவும் கசியுது. மூணாவதும் அப்படித்தான்.  முதலாளிகிட்ட ஓடுனாரு.

"முதலாளி, இது வெடிச்சிரும்."

"தெரியும்யா. அடுத்த லோடுல சரி பண்ணித் தருவாங்க. நீ வாயைத் தொறக்காத."

"வித்தது இருக்கே?"

"வித்தது வித்ததுதான்."

ஞானாதிக்கம் பழைய மாதிரி நல்ல ஸ்டவ் மூணை எடுத்துச் சாக்குல போட்டாரு, ரோட்டுக்கு வந்துட்டாரு. கிழக்க போனா அவரு வீடு. மேற்க போனா அந்த மூணு ஊரு. கிழக்க போற பஸ் வந்து நின்னுச்சு. 'திரேசா சாயங்காலம் காப்பிக்குத்தான் அதைப் பத்த வைப்பா. எண்ணெய்ச் செலவுன்னு பகலுக்கு விறகுதான். அதுக்குள்ள போயிரலாம். ஆனா அவங்க என் வார்த்தையை நம்பி வாங்கினவங்க'ன்னு நெனச்சாரு. மேற்க போனாரு.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

முதல் வீடு, புதுசாக் கல்யாணம் ஆன வீடு. ஸ்டவ்வைக் குடுங்கம்மான்னு கேட்டதும் மாமியார்க்காரி குதிச்சா. "எங்களுக்கு வித்ததை வேற யாருக்கோ தள்ளப் பாக்குறியா?" அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு. பம்பு அடிச்சுக் காட்டுனாரு. கசிஞ்சு வந்த எண்ணெயை அந்தம்மா விரலால தொட்டுப் பாத்தா, மோந்து பாத்தா, மருமகளைத் திரும்பிப் பாத்தா.  எடுத்துக் குடுத்துட்டா.

ரெண்டாவது, ஒரு டீக்கடை. அங்க அந்த ஸ்டவ்வு எரிஞ்சுக்கிட்டே இருக்கு, புஸ்ஸ்ஸ்ஸுன்னு, மேல கொப்பரையில தண்ணி தளதளன்னு கொதிக்குது, சுத்தி ஆளுங்க. "யாவார நேரத்துல வந்து நிக்கிறியே, போய்யா"ன்னாரு கடைக்காரர். "அணைச்சிருங்க அண்ணே, கெஞ்சிக் கேக்குறேன்." அவரு கேக்கல. ஞானாதிக்கம் குனிஞ்சு தானே காத்துத் திருகைத் திறந்துட்டாரு. உஸ்ஸ்ஸ், அணைஞ்சு போச்சு. பளார்! கன்னத்துல ஒண்ணு விழுந்துச்சு, எல்லாரும் பாக்க. ஞானாதிக்கம் கன்னத்தைத் தடவிக்கிட்டே நல்ல ஸ்டவ்வை வச்சு, பத்த வச்சுக் குடுத்துட்டு, கசியுற ஸ்டவ்வைச் சாக்குல போட்டுக்கிட்டு நடந்தாரு. அப்போத்தான் மழை பிடிச்சுச்சு. சோன்னு கொட்டுது.

மூணாவது வீடு மலைச்சரிவுல. ஒத்தையில இருக்குற ஒரு கெழவி. நனைஞ்சு நடுங்கிக்கிட்டுப் போயி நின்னாரு. கெழவி ஸ்டவ்வை மாடத்துல வச்சுப் பூ சாத்தி வச்சிருக்கு! "எனக்குப் பயமா இருக்குய்யா, இன்னும் பத்த வைக்கவே இல்ல"ங்குது. ஞானாதிக்கத்துக்குச் சிரிப்பும் வருது, கண்ணும் கலங்குது. "பத்த வைக்காதே ஆத்தா, என்னைக்குமே இதைப் பத்த வைக்காதே"ன்னு வாங்கிக்கிட்டாரு. எங்கேயோ கோயில்ல உச்சி மணி அடிச்சுச்சு. மழையிலேயே நின்னு திரிகால ஜெபம் சொன்னாரு. மனசு பஞ்சு மாதிரி ஆயிருச்சு.

ம்.

அதே மழைதான் அமலி அவரு ஊர்லயும். விறகெல்லாம் ஊறிப் போச்சு. திரேசா ஊதி ஊதிப் பாத்தா, புகைதான் வருது, இருமல் தாங்கல. 'காலையில வெறும் வயித்தோட போன மனுஷன், வந்தா சுடச்சுட சோறு இருக்கட்டும்'னு, பகல்லயே அந்த ஸ்டவ்வைப் பத்த வச்சா.

புஸ்ஸ்ஸ்ஸ்.

அப்புறம், படார்.

...ம் சொல்லலியே? சரி, என் கையைப் பிடிச்சுக்கோ.

ஞானாதிக்கம் தெருமுனைக்கு வரும்போது வீட்டு முன்னால கூட்டம். பக்கத்து வீட்டு ரெஜினாதான் திரேசாவைப் போர்வையில சுத்தி, வண்டி வச்சு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா. சாக்கைத் தெருவுலேயே போட்டுட்டு ஓடுனாரு. திரேசாவுக்கு முகம் மட்டும் தப்பிச்சிருந்துச்சு. வாழை இலையில படுக்க வச்சிருந்தாங்க.

"ஏங்க, சோறு ஆறிப் போயிருக்குமே"ன்னா.

அவரு வாயைப் பொத்திக்கிட்டாரு. நடந்தது அத்தனையும் அவகிட்ட சொன்னாரு. அவ கேட்டுக்கிட்டே இருந்தா.

"மூணையும் வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன் திரேசா."

"அந்தக் கெழவி?"

"பத்த வைக்கவே இல்லையாம்."

"அப்ப சரி"ன்னா.

கோயில் சாமியார் வந்து, சாகப் போறவங்களுக்குப் பூசுற அவஸ்தை எண்ணெயைப் பூசினாரு. மறுநா விடியக் கோயில் மணி அடிக்கும்போது திரேசா போயிட்டா.

"செலின் அழுதாளா பெரியம்மா?"

இல்லடா. அழவே இல்ல. அதான் சங்கடம்.

அப்புறம் முதலாளி வந்தாரு. தனியாக் கூப்பிட்டு, "ஸ்டவ்வு எரியும்போதே உன் சம்சாரம் எண்ணெய் ஊத்துச்சுன்னு சொல்லிரு. உன் மகளைக் கான்வென்ட்டுல படிக்க வைக்கிறது என் பொறுப்பு"ன்னாரு. அப்போ போலீஸ் ஏட்டும் வந்துட்டாரு. ஞானாதிக்கம் முதலாளியைப் பாத்தாரு, அப்புறம் ஏட்டுகிட்டத் திரும்பி, "அவ மேல ஒரு தப்பும் இல்லைங்க. டேங்கு கோளாறு. எங்க கம்பெனி சரக்கு. நான்தான் கொண்டு வந்து குடுத்தேன்"னாரு.

"கோளாறுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்குக் காலையில."

"தெரிஞ்சுமா நீ வீட்டுக்குப் போகல?"

ஞானாதிக்கம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. கதவோரமா செலின் நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா.

கம்பெனியை மூடிட்டாங்க. இவருக்கும் வேலை போச்சு. வேற எந்தக் கடைக்காரனும் சேத்துக்கல, முதலாளியைக் காட்டிக் குடுத்தவன்னு சொல்லிட்டாங்க. கல்லறைத் தோட்டத்துல குழி வெட்டுற வேலை குடுத்தாரு சாமியார். அதைச் செஞ்சாரு. காலையில செலினுக்குத் தலை சீவி விடுவாரு, கோணக்கோணலா ரெட்டைச் சடை போட்டு விடுவாரு. அவ பேச மாட்டா. சோறு போட்டா சாப்பிடுவா. ஜெபமாலை சொல்லும்போது இவரு "அருள் நிறைந்த மரியே"ம்பாரு, அவ தான் சொல்ல வேண்டிய மீதிப் பாதியை மனசுக்குள்ளயே முடிச்சுக்குவா. வீட்டுல ஒருத்தர் குரல் மட்டும்தான்.

பாவம்னு ரெஜினா ஒரு காரியம் பண்ணா. செலினைக் கூப்பிட்டு மடியில வச்சுக்கிட்டு, "உங்கப்பா அன்னைக்கு வீட்டுக்குத்தான் கிளம்புனாராம்மா. பஸ் கிடைக்கலியாம். அதான் அந்தப் பக்கம் போயிட்டாரு"ன்னு சொல்லிட்டா. நல்ல மனசுலதான் சொன்னா.

அன்னைக்குச் சாயங்காலம் ஜெபம் முடிஞ்சதும் செலின் எந்திரிக்கல. மெதுவா வாயைத் தொறந்தா. எத்தனையோ மாசம் கழிச்சு அப்பான்னு கூப்பிடுறா.

"அப்பா, அன்னைக்குப் பஸ் கிடைக்கலைன்னு ரெஜினா அத்தை சொன்னாங்க. நெசமாப்பா?"

ஞானாதிக்கம் மகளைப் பாத்தாரு. அவ கண்ணு அப்படியே அவரு வாயையே பாத்துக்கிட்டு இருக்கு. ஆமான்னு சொல்லிட்டாப் போதும். ஒரே ஒரு வார்த்தை. மக திரும்பி வந்துருவா.  ஜெபமாலையைக் கீழ வச்சாரு.

"இல்லம்மா"ன்னாரு. "பஸ் நின்னுச்சு. நான்தான் ஏறல."

செலின் அசையல.

"அவங்களைக் காப்பாத்தணும்னு போனேன். உங்கம்மாவுக்கு நேரம் இருக்குன்னு நெனச்சேன். அது சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலம்மா. ஆண்டவருகிட்ட தினம் கேக்குறேன். அவரும் சொல்லல."

அப்போ அந்தப் புள்ளைக்கு உதடு கோணுச்சு. அம்மா செத்தன்னைக்கு வராத அழுகை, அடிவயித்துல இருந்து கேவிக் கேவி வருது. எந்திரிச்சு வெளிய ஓடுவான்னு நெனச்சாரு. அவ ஓடல. தவழ்ந்து வந்து அப்பா மடியில முகத்தைப் புதைச்சுக்கிட்டா. "அம்மா வேணும்ப்பா"ன்னா. "எனக்கும் வேணும்மா"ன்னாரு அவரு. ரெண்டு பேரும் அழுதாங்க. அந்த வீட்டுல ரொம்ப நாளைக்கு அப்புறம் ரெண்டு குரல் கேட்டுச்சு.

அமலி?

...

அப்படியே தூங்கு. அவங்க அழுது ஓஞ்சாச்சு, நானும் சொல்லி ஓஞ்சாச்சு. உன்னைக் காக்குற தேவதூதரு, காவல் சம்மனசு, பக்கத்துல இருக்கட்டும்.